பூசணம் பூத்த மருந்து

அரசு மருத்துவமனை ஒன்றின் ஊசி போடும் அறை. கட்டைவிரல் உயரக் குப்பிக்குள் வெள்ளைப் பொடி. அதில் தண்ணீரை ஏற்றி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து உருட்டுகிறார் நர்ஸ். பொடி கரையவில்லை, கெட்டிப் பால் போல ஆகிறது.

“போன தடவை எந்தப் பக்கம்மா?”

“இடது பக்கம், சிஸ்டர்.”

“அப்போ இன்னிக்கு வலது. காலைத் தளர்த்தி வெச்சுக்கோ.”

பள்ளிச் சீருடையோடு வந்திருக்கும் அந்தப் பெண் பிள்ளை பல்லைக் கடித்துக்கொள்கிறாள். மருந்து கெட்டி என்பதால் நிறுத்தாமல் தள்ள வேண்டும். நடுவில் நின்றால் ஊசித் துளை அடைத்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வலி இரண்டு நாள் இருக்கும். மூன்று வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். இப்படிப் பல வருடங்களுக்கு.

தொண்டையில் புகுந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதய வால்வைத் தொட்ட பிள்ளைகளுக்கு இந்த ஊசிதான் காவல். பெயர் பென்சத்தீன் பென்சிலின். பெரிய பிள்ளைகளுக்கு 12 லட்சம் யூனிட். தசைக்குள் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அந்த வெள்ளைப் பாலின் மூலம் ஒரு பூசணம். ஊறுகாய் ஜாடியிலும் ஈரமான செருப்பிலும் பூப்பதைப் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அதே வகையறா.

பூசணம் ‘பிடிக்கும்’ என்றும் சொல்கிறோம், ‘பூக்கும்’ என்றும் சொல்கிறோம். கெடுப்பதும் அதுதான், பூப்பதும் அதுதான் என்று நம் பேச்சு வழக்குக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மருத்துவ உலகத்துக்குத் தெரிய 1928 வரை ஆனது.

இலையில் கைவைக்காதே!

பூஞ்சை எதற்காக மருந்து செய்ய வேண்டும்? நமக்காக இல்லை. அது சாப்பிடும் விதத்தில் இருக்கிறது விடை.

நாம் சோற்றை விழுங்கி உள்ளே வைத்துச் செரிக்கிறோம். பூஞ்சைக்கு வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. நூல் நூலாகப் பரவி, செரிமானச் சாறுகளை வெளியே கக்கி, கிடந்த இடத்திலேயே உணவைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது, அதன் சமையலும் செரிமானமும் நடுத்தெருவில் நடக்கின்றன. பந்தியில் இலை போட்டுப் பரிமாறியாகிவிட்டது. பக்கத்தில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பசியோடு உட்கார்ந்திருக்கின்றன. கரைத்து வைத்த சாற்றை அவை உறிஞ்சிக்கொண்டு போனால் பூஞ்சை பட்டினி. அதனால் சாப்பாட்டைச் சுற்றி வேலி போட வேண்டிய கட்டாயம் அதற்கு. அந்த வேலி முள்கள்தான் நாம் ஆன்டிபயாடிக் என்று சொல்லும் வேதிப் பொருள்கள். அவற்றில் ஒரு பெரிய பகுதி பெப்டைடுகள்: அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சின்னஞ்சிறு மாலைகள்.

இத்தாலிய மருத்துவர் பார்டோலோமியோ கோசியோ 1893-லேயே ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து மைக்கோஃபீனாலிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அது ஆந்த்ராக்ஸ் கிருமியை வளர விடாமல் தடுப்பதையும் பார்த்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

படுக்கைச் சட்டியில் விளைந்த அமுதம்

1928 செப்டம்பர். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை. விடுமுறை முடிந்து வந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கழுவாமல் விட்டுப்போன கண்ணாடித் தட்டு ஒன்றில் பூசணம் பூத்திருப்பதையும், அதைச் சுற்றி ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்கள் அழிந்து வெளுத்திருப்பதையும் பார்த்தார். பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் கதை. பாடத்தில் இல்லாதது அதற்குப் பிறகு நடந்தது. ஃபிளெமிங்கால் அந்தச் சாற்றைப் பிரித்து நிலைப்படுத்த முடியவில்லை. 1929-ல் கட்டுரை வெளியானது. பத்து வருடம் அது அலமாரியில் தூங்கியது.

எழுப்பியது ஆக்ஸ்ஃபோர்டு. ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செய்ன், நார்மன் ஹீட்லி ஆகிய மூவரும் 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை ஏற்றினார்கள். நான்கு எலிகளுக்கு மட்டும் பென்சிலின். விடிவதற்குள் மருந்து கிடைக்காத நான்கும் செத்துக் கிடந்தன. மற்ற நான்கும் பிழைத்திருந்தன.

எலிக்குச் சரி, மனிதருக்கு? மனிதர் எலியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எடை. அவ்வளவு மருந்துக்கு எங்கே போவது? வெளியே போர்; கண்ணாடிக் கலம்கூடக் கிடைக்கவில்லை. காற்றுப் படும்படி அகலமான, ஆழமில்லாத பாத்திரம் இருந்தால்தான் பூசணம் நன்றாகப் பூக்கும். ஹீட்லி மருத்துவமனைப் படுக்கைச் சட்டிகளைக் கொண்டுவந்து அதில் வளர்த்தார். பிறகு அதே வடிவத்தை ஒட்டிப் பீங்கான் கலங்கள் செய்ய வைத்தார். குளியல் தொட்டியும் பால் கேன்களும் ஆய்வுக் கருவிகள் ஆயின. கலங்களைப் பராமரிக்க ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ‘பென்சிலின் பெண்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர்.

முதல் நோயாளிகளில் ஒருவர் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர், வயது 43. முகத்தில் பட்ட காயம் சீழ் வைத்து, ஒரு கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 1941 பிப்ரவரி 12 அன்று பென்சிலின் ஏற்றத் தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கியது, சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதில் கலந்து வெளியேறிய பென்சிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் போதவில்லை. மார்ச் 15 அன்று இறந்துபோனார். மருந்து தோற்கவில்லை, அளவுதான் பற்றவில்லை.

அளவைத் தந்தது அமெரிக்காவின் பியோரியா நகரம். மக்காச்சோளம் ஊறவைத்து மாவெடுத்தபின் மிஞ்சும் கழுநீரில் பூஞ்சையை வளர்த்தபோது விளைச்சல் பல மடங்கு ஏறியது. 1943-ல், பூசணம் பிடித்த ஒரு முலாம்பழத்திலிருந்து ஃபிளெமிங்கின் பூஞ்சையைவிடப் பன்மடங்கு சுரக்கும் இனம் கிடைத்தது. அதை எக்ஸ்ரேயாலும் புற ஊதாக் கதிராலும் மாற்றி மாற்றித் தேர்ந்தெடுத்தார்கள். 1944-ல் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது பென்சிலின் கூடவே போனது. 1945-ல் ஃபிளெமிங், ஃபுளோரி, செய்ன் மூவருக்கும் நோபல். படுக்கைச் சட்டி ஹீட்லிக்கு அதில் பங்கில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் கொடுத்தது 1990-ல்.

கொத்தனாரும் சித்தாளும்

பென்சிலின் எப்படிக் கொல்கிறது? கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு வாருங்கள்.

பாக்டீரியாவின் உடலைச் சுற்றி ஒரு மதில் உண்டு. உள்ளே அழுத்தம் மிக அதிகம். மதில் பலவீனமானால் பலூன் போல வெடித்துவிடும். வளர வளர மதிலை இடித்து இடித்துப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல் உள்ளே தயாராகும். அதைத் தலையில் சுமந்து சவ்வைத் தாண்டி வெளியே கொண்டுவரும் சித்தாள் ஒன்று உண்டு: ‘லிப்பிட் டூ’ என்ற மூலக்கூறு. வெளியே நிற்கும் கொத்தனார்கள், அதாவது சில நொதிகள், செங்கல்லை வாங்கி அடுத்த செங்கல்லோடு பிணைக்கும்.

பென்சிலின் பிடிப்பது கொத்தனாரை. செங்கல்லின் நுனி போலவே அதன் வடிவம் இருக்கும். ஏமாந்த கொத்தனார் அதைக் கையில் எடுத்ததும், அதனுள் இருக்கும் விறைப்பான நான்கு அணு வளையம் எலிப்பொறி மாதிரி தெறித்துக் கையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கை எந்தச் செங்கல்லையும் தொட முடியாது. மதிலில் ஓட்டை விழும், பாக்டீரியா வெடிக்கும். மனித செல்லுக்கு இப்படி ஒரு மதிலே இல்லை. பென்சிலின் நம்மை விட்டுவிட்டுக் கிருமியை மட்டும் பிடிப்பதன் ரகசியம் அது.

அந்த வளையம் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. ஜான் கார்ன்ஃபோர்த் என்ற வேதியியலாளர், பென்சிலினுக்கு அப்படி ஒரு அமைப்பு இருந்தால் வேதியியலை விட்டுவிட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1945-ல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ்ரே படிகப் படம் எடுத்து வளையம் இருப்பதைக் காட்டிவிட்டார். கார்ன்ஃபோர்த் காளான் வளர்க்கப் போகவில்லை. 1975-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கினார்.

பூஞ்சை இதைச் செய்யும் கைப்பக்குவம் இன்னும் அழகு. மூன்றே மூன்று அமினோ அமிலங்களை ஒரு பிரம்மாண்ட நொதி வரிசையாகக் கோக்கும். இன்னொரு நொதி அந்த மூன்று மணி மாலையை மடித்து வளையமாக முடிச்சுப் போடும். அப்படிப் பார்த்தால், உலகத்தையே மாற்றிய பென்சிலினும் பிறப்பால் ஒரு குட்டிப் பெப்டைடுதான்.

சாக்கடை வாயில் ஒரு பேராசிரியர்

பென்சிலின் கதையில் வராத ஒருவர் ஜுசெப்பே பிரோட்சு. இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பேராசிரியர். ஊர்ச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் இளைஞர்கள் குளிக்கிறார்கள், அங்கேயே பிடித்த சிப்பியைத் தின்கிறார்கள். ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு டைஃபாய்டு தாக்கவில்லை. இது அவருக்கு உறுத்தியது. தண்ணீரில் ஏதோ ஒன்று டைஃபாய்டு கிருமியை அடக்குகிறது என்று நினைத்தார். 1945-ல் அந்தச் சாக்கடை வாயிலிருந்து நீரை மொண்டு வந்து வளர்த்தார். அகப்பட்டது ஒரு செஃபலோஸ்போரியம் பூஞ்சை. அதன் கச்சாச் சாற்றையே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் இருந்தது.

பெரிய ஆய்வு வசதி அவருக்கு இல்லை. 1948-ல் உள்ளூர் வெளியீடு ஒன்றில் எழுதிவிட்டு, பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அதிலிருந்து செஃபலோஸ்போரின் ‘சி’ என்ற பொருளைப் பிரித்தார்கள். அதற்கு ஒரு விசேஷம் இருந்தது. பென்சிலினை வெட்டிப்போடும் நொதியால் இதை எளிதில் வெட்ட முடியவில்லை. 1964-ல் அந்தக் குடும்பத்தின் முதல் ஊசி மருந்து சந்தைக்கு வந்தது. இன்று நம்மூர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கையில் ஏறும் செஃப்ட்ரியாக்சோனும், குழந்தைக்குச் சிரப்பாகக் கொடுக்கும் செஃபிக்சிமும் அந்தச் சாக்கடைப் பூஞ்சையின் வாரிசுகள்.

உங்கள் மருந்து டப்பாவில் பூஞ்சை

- அமாக்சிசிலின், ஆம்பிசிலின்: பென்சிலியம் பூஞ்சை தரும் அடிப்படைக் கூட்டின் வாலை மட்டும் ஆய்வகத்தில் மாற்றியவை.
- ஃபியூசிடிக் ஆசிட்: சீழ்க்கட்டிக்குத் தடவும் களிம்பு. 1962 முதல் புழக்கத்தில் இருக்கும் பூஞ்சைச் சரக்கு.
- கிரிசியோஃபுல்வின்: படர்தாமரை மாத்திரை. 1939-ல் ஒரு பென்சிலியத்திலிருந்து பிரித்தது.
- சைக்ளோஸ்போரின்: மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் மருந்து. பதினோரு அமினோ அமிலங்கள் கொண்ட வளையப் பெப்டைடு. நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது.
- காஸ்போஃபங்கின்: தீவிர சிகிச்சைப் பிரிவில், இரத்தத்தில் கலந்த பூஞ்சைத் தொற்றை அடக்க ஏற்றுவது. மூலம் இன்னொரு பூஞ்சை.
- லோவாஸ்டாடின்: கொழுப்பைக் குறைப்பது. ஸ்டாடின் வகைக்கு வழிகாட்டியது ஜப்பானின் அகிரா எண்டோ ஒரு பென்சிலியத்தில் கண்ட பொருள்.

ஊசியிலைக் காட்டுக் கிண்ணமும் குதிரை லத்திக் காளானும்

2005-ல் டென்மார்க்கின் நோவோசைம்ஸ் விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழில் ஒரு பெப்டைடை அறிமுகப்படுத்தினார்கள்: பிளெக்டாசின். வட ஐரோப்பாவின் ஊசியிலைக் காட்டுத் தரையில் கறுப்புக் கிண்ணம் போல முளைக்கும் பூஞ்சை ஒன்றில் கிடைத்தது. நாற்பது அமினோ அமிலங்கள். மூன்று கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருக்கின்றன. தேள், சிலந்தி, தும்பி, கடல் சிப்பி ஆகியவை கிருமிகளுக்கு எதிராகச் சுரக்கும் டிஃபென்சின் என்ற காவல் புரதங்களின் சாயல் இதில் அப்படியே இருந்தது. பூஞ்சையில் கிடைத்த முதல் டிஃபென்சின் இதுதான். பென்சிலினுக்கு அடங்காத நிமோனியாக் கிருமியையும் அது கொன்றது.

அது எங்கே அடிக்கிறது என்பது 2010-ல் தெரிந்தது. கொத்தனாரை அது தொடுவதில்லை. செங்கல் சுமந்து வரும் சித்தாளையே மறித்துப் பிடிக்கிறது. கொத்தனார் கை சும்மா இருந்தாலும் செங்கல் வராது. கிருமிகள் கொத்தனாரின் கையை மாற்றிக்கொண்டு பென்சிலினிடமிருந்து தப்பப் பழகியிருக்கின்றன. சித்தாளை மாற்றுவது அத்தனை சுலபமில்லை; அது ஏறக்குறைய பாக்டீரியா உலகம் முழுவதுக்கும் பொதுவான மூலக்கூறு.

2024-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் வைன்கார்த் குழு இன்னும் நெருங்கிப் பார்த்தது. பிளெக்டாசின் மூலக்கூறுகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. சவ்வின் மேல் ஒன்றோடு ஒன்று கோத்து, நெருக்கமான வலை பின்னி, சித்தாள்களைக் கூட்டம் கூட்டமாக அதில் மடக்குகின்றன. கால்சியம் இருந்தால் பிடி இன்னும் இறுகுகிறது. ஒரு மீன் தப்பலாம். வலை விழுந்த குளத்தில் எத்தனை தப்பும்?

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வேறொரு குழு குதிரை லத்தியில் முளைக்கும் சாம்பல் நிறக் காளானை எடுத்துக்கொண்டது. லத்தி என்பது பாக்டீரியா மொய்க்கும் இடம். அங்கே பிழைக்கும் காளானிடம் ஆயுதம் இல்லாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. காளானையும் பாக்டீரியாவையும் ஒரே கலத்தில் மோதவிட்டார்கள். 2014-ல் காப்சின் என்ற பெப்டைடு கையில் வந்தது. ஐம்பத்தேழு அமினோ அமிலங்கள், ஆறு கந்தகப் பிணைப்புகள். மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும், அமிலத்தில் போட்டாலும், புரதத்தைச் செரிக்கும் நொதியில் ஊற வைத்தாலும் அது அசையவில்லை. அதுவும் பிடிப்பது அதே சித்தாளைத்தான்.

இந்த உறுதி ஏன் முக்கியம்? பெப்டைடு மருந்தின் பெரிய குறை, அது புரதத்தின் உறவினர் என்பது. வாயால் விழுங்கினால் பருப்பைச் செரிப்பது போல வயிறு அதையும் செரித்துவிடும். ஊசியாகப் போட்டாலும் உடல் சீக்கிரம் வெளியேற்றிவிடும். தயாரிக்கும் செலவும் அதிகம். பிளெக்டாசின் வந்து இருபது ஆண்டு ஆகியும் அது மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை.

நம்மூர் வயலில் ஒரு வேட்டைக்காரன்

வெளிநாட்டுக் காட்டுக்குப் போக வேண்டாம். வேளாண் துறைக் கிடங்கில் பொட்டலமாக விற்கும் டிரைக்கோடெர்மா விரிடியைத் தமிழ்நாட்டு விவசாயிகள் அறிவார்கள். ஒரு கிலோ விதைக்கு நான்கு கிராம் என்று கலந்து விதை நேர்த்தி செய்வார்கள். தொழு உரத்தில் கலந்து வயலில் தூவுவார்கள். வேரழுகல் நோய் உண்டாக்கும் பூஞ்சைகளை இந்தப் பூஞ்சை கொடி போலச் சுற்றி வளைத்து, சுவரைக் கரைத்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும்.

அதன் கையிருப்பில் ‘பெப்டைபால்’ என்ற வகைப் பெப்டைடுகள் உண்டு. புகழ்பெற்றது அலமெத்திசின், இருபது கண்ணிகள் கொண்ட கம்பி. இது கொத்தனார், சித்தாள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பீப்பாய்ப் பலகைகள் போலச் சில கம்பிகள் வட்டமாக நின்று சவ்வையே துளைத்துவிடும். எதிரி பாக்டீரியாவானாலும் பூஞ்சையானாலும் ஒன்றுதான். ஆனால் மனித செல்லின் சவ்வையும் அது துளைக்கும். அதனால் வயலுக்கு நண்பன், ஊசிக்கு உதவாதவன். ஆயிரம் பூஞ்சைப் பொருள்கள் கிருமியைக் கொல்லலாம். நம்மைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்வது ஒன்றிரண்டுதான் தேறும்.

பூசணம் பூத்ததைத் தின்றால் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்து மடிந்தன. காரணம் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அதில் பூத்த பூஞ்சையின் நஞ்சு அஃப்ளாடாக்சின். கல்லீரல் புற்றுநோய்க்கு வழி செய்யும் நஞ்சு அது. பூசணக் கடலையைக் குப்பையில் போடும் பாட்டி செய்வது சரிதான்.

சென்னை கேட்ட கேள்வி, மண் சொன்ன பதில்

ஃபிளெமிங் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும். பென்சிலினை வெட்டும் நொதியை ஆபிரகாமும் செய்னும் 1940-லேயே கண்டிருந்தார்கள், மருந்து நோயாளியைச் சேரும் முன்பே. 1960-ல் அந்த நொதியைத் தாங்கும் மெத்திசிலின் வந்தது. அடுத்த வருடமே அதற்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் வந்தது.

2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு ஒன்று ‘லான்செட்’ குழும இதழில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகளில் ‘என்டிஎம்-1’ நொதி உள்ள பாக்டீரியாக்கள். பெயருக்கு முன்னால் நியூ டெல்லி இருந்ததால் அரசியல் சண்டை கிளம்பியது. சண்டை பெயரைப் பற்றி; ஆபத்தோ நொதியில். பென்சிலின், செஃபலோஸ்போரின், கடைசிக் கையிருப்பான மெரோபெனம் எல்லாவற்றிலும் இருக்கும் அந்த எலிப்பொறி வளையத்தை அது வெட்டிவிடுகிறது. வெட்டும் கத்தி துத்தநாக அணு. 2012-ல் மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு கோரும் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன.

2014-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி ரைட் குழு, நோவா ஸ்கோஷியா மண்ணில் கிடைத்த ஒரு ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையில் பதிலைக் கண்டது. ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின் என்ற அந்தப் பொருள் நொதியிலிருந்து துத்தநாகத்தையே பிடுங்கிவிடுகிறது. கத்தி போனால் வெட்டு ஏது? மெரோபெனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது என்டிஎம்-1 கிருமி தொற்றிய எலிகள் பிழைத்தன. மனிதருக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

இந்தப் பொருள் 1960-களிலேயே செடி வாடல் நஞ்சாக அறியப்பட்டது. வாடல் நஞ்சு என்றால் சென்னைக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ்.சதாசிவன் குழு, பருத்தியை வாட வைக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையின் நஞ்சைச் செடிக்குள்ளேயே தேடிப் படித்தது. அவருடைய மாணவர் சி.வி.சுப்பிரமணியன் இந்தியப் பூஞ்சைகளை வகைப்படுத்தி 1971-ல் எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. நம் மண்ணின் பூஞ்சையைப் படிக்கும் மரபு நம்மிடம் இருந்தது. அதை மருந்து தேடும் வேலையோடு இணைக்கத்தான் போதிய முதலீடு செய்யவில்லை.

சரக்கு இருக்கிறது, கடை இல்லை

உலகில் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பெயர் வைத்தவை ஒன்றரை லட்சம் அளவில். பெயர் வைத்தவையும் தம் சமையல் குறிப்பு முழுவதையும் காட்டிவிடவில்லை. மரபணுவில் எழுதியிருக்கும் பல மருந்துகளைத் தனியே வளரும்போது அவை செய்வதே இல்லை. எதிரி பக்கத்தில் வந்து உரசினால்தான் அடுப்பு பற்றும். 2009-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சையையும் ஒரு பாக்டீரியாவையும் ஒட்டி வளர்த்து இதை நேரில் காட்டினார்கள்.

ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. 1951-ல் ஒரு காளானிலிருந்து கிடைத்த பிளூரோமியூட்டிலின் முதலில் கால்நடை மருந்தானது. மனிதருக்கான லெஃபாமியூலின் 2019-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதைக் கொண்டுவந்த நப்ரிவா நிறுவனம் 2023-ல் கடையைக் கட்டிவிட்டது. புதிய ஆன்டிபயாடிக் வந்தால் மருத்துவர்கள் அதைப் பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். பூட்டி வைக்கும் பொருளை விற்று எந்தக் கம்பெனி பிழைக்கும்? சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுவதும் மாத்திரை; ஆன்டிபயாடிக்கோ ஐந்து நாள். எத்தனை மாத்திரை விற்றது என்று பார்க்காமல், தேவைப்படும்போது மருந்து கையில் இருக்கிறதா என்பதற்கு அரசுகள் பணம் கட்டும் முறை வந்தாலொழிய இது தீராது.

நம் கதையும் பெருமைப்படும்படி இல்லை. 1954-ல் புனே அருகே பிம்ப்ரியில் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் இவற்றின் உதவியோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கி, அடுத்த ஆண்டே பென்சிலின் செய்தோம். பிறகு சீனாவிலிருந்து மலிவாக வந்தது. நம் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அமாக்சிசிலினை உலகுக்கே விற்கும் நாடு, அதன் மூலப்பொருளான பென்சிலின் ‘ஜி’-க்கு இன்னொரு நாட்டை அண்ணாந்து பார்த்தது. அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில் காக்கிநாடா அருகே 2024-ல்தான் மீண்டும் உற்பத்தி தொடங்கியது.

சிவப்புக் கோட்டைப் பாருங்கள்

2019-ம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் 12.7 லட்சம் பேர் என்று உலகளாவிய ஆய்வு சொல்கிறது. இந்தக் கணக்கில் பூஞ்சையின் தவறு ஏதுமில்லை. அது கொடுத்ததை நாம் தண்ணீராகச் செலவழித்தோம்.

சளிக்கும் ஜலதோஷத்துக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். வைரஸுக்கு மதிலே கிடையாது. கொத்தனாரும் இல்லை, சித்தாளும் இல்லை. மதிலை உடைக்கும் மருந்துக்கு அங்கே என்ன வேலை? ஆனாலும் மருந்துக் கடையில் நின்று, “அண்ணே, போன வாட்டி கொடுத்த ஆன்டிபயாடிக்கே ஒரு மூணு நாளைக்குக் கொடுங்க” என்று கேட்கிறோம். செஃபிக்சிம் போன்ற மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டுக்கு விற்றாலும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ‘ஹெச்-1’ விதி 2014-லிருந்து நடப்பில் இருக்கிறது. கேட்பவர் நிறுத்தினால்தான் கொடுப்பவரும் நிறுத்துவார்.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாத மருந்து. மருத்துவர் எழுதினால், அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்சத்தை அடுத்த வீட்டுக்குத் தராதீர்கள்.

1940-ல் ஆக்ஸ்ஃபோர்டு எலிகளுக்கு ஏற்றிய அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனம்தான் அந்தப் பள்ளிப் பெண்ணின் இதய வால்வைத் தொட்ட காய்ச்சலைக் கொண்டுவந்தது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும், நோயாளிகளிடம் அந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்கித்தான் இருக்கிறது. அவளுடைய அடுத்த ஊசி இருபத்தோராம் நாள்.